பட்டியலில் நம் முறை வரும்போது

(நூற்றாண்டு விழாவின் காலை அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் டொக்டராக வந்த கதையைச் சொல்லுங்கள்" என்றார். அந்தக் கதையை இந்த மேடையில் பலர் சொல்லிவிட்டார்கள். லயன் அறை, குப்பி லாம்பு, மழையில் நனைந்த கொப்பி, வெட்டுப்புள்ளி வெளிவந்த நாள். என்னுடையதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்தக் கதை எப்போதும் மருத்துவ பீட அனுமதிக் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது. கோவிலில் பூசை வைத்து, மாலை போட்டு, பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. நான் அதைச் சொல்கிறேன். குறிப்பாக ஒரு விஷயம்: வைத்தியரான பிறகு விசேட நிபுணராவதற்கு எந்த வைத்தியசாலையில், எந்த ஊரில் பயிற்சி எடுப்பது என்ற தெரிவு. நம் வீடுகளில் அதைப் பற்றி யோசனை சொல்ல ஆளில்லை. என் வீட்டில் இருக்கவில்லை.

நான் மறுபடி ஒரு பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, "டாக்டராத்தான் ஆயிட்டியே புள்ள, இன்னும் என்னாத்துக்குப் பரீட்ச?" என்று கேட்டார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான். எம்பிபிஎஸ் ஐந்து வருடம். முடித்த உடனே வேலை இல்லை, உள்ளகப் பயிற்சி நியமனத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதில் ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொன்று. அதன்பின் ஏதாவதொரு வைத்தியசாலையில் வைத்திய அதிகாரியாக வேலை. இதற்குள் வயது 28 ஆகிவிடும். நிபுணராக வேண்டுமென்றால் இங்கிருந்துதான் ஆரம்பம். கொழும்பில் நொரிஸ் கனல் வீதியில் இருக்கிறது பட்டப்பின் மருத்துவ நிறுவகம். அதன் தெரிவுப் பரீட்சையில் சித்தியடைந்து, ரெஜிஸ்ட்ராராகச் சில வருடம் பயின்று, எம்டி பரீட்சை எழுதி, சீனியர் ரெஜிஸ்ட்ராராக உள்நாட்டில் ஒரு காலம், வெளிநாட்டில் ஒரு காலம் பணியாற்றி, கடைசியில் நிபுணர் என்ற சான்றிதழ். எந்தத் துறையானாலும் ஐந்தாறு வருடத்துக்குக் குறையாது.

இந்த வழியில் ஒவ்வொரு படியிலும் ஒரு பட்டியல் உண்டு. அதில் உங்கள் இலக்கம் வரும்போது, மீதமிருக்கும் இடங்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளகப் பயிற்சிக்கும் அப்படித்தான், ரெஜிஸ்ட்ரார் பயிற்சி இடத்துக்கும் அப்படித்தான், நிபுணரான பிறகு நியமனத்துக்கும் அப்படித்தான். இலக்கத்தைப் பரீட்சைப் புள்ளி தீர்மானிக்கிறது. இடத்தை நீங்கள் தீர்மானிக்க வேண்டும். புள்ளி எடுக்க நமக்கு இந்தப் பாடசாலை சொல்லிக் கொடுத்தது. இடத்தைத் தெரிய யாரும் சொல்லித் தரவில்லை.

நான் முதல் தடவை பிழையாகத் தெரிந்தேன். உள்ளகப் பயிற்சிக்குக் கண்டி கிடைத்தது, விரும்பித்தான் எடுத்தேன். காரணம் ஒன்றே ஒன்று, வீடு கிட்ட. கண்டி நல்ல ஊர். பேராதனையில் 1962இல் மருத்துவ பீடம் வந்த பின் அந்தப் பக்கத்து வைத்தியசாலைகள் எல்லாமே படிப்பிக்கும் இடங்களாகிவிட்டன. கட்டுக்கலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் எனக்குப் போர்டிங். செல்வ விநாயகர் கோவில் மணி கேட்கும் தூரம். எசல பெரஹரா நாட்களில் வீதிகளை மூடிவிடுவார்கள்; இரவுக் கடமைக்குச் சனத்துக்குள் புகுந்து நடந்தே போக வேண்டும். யானை போகும் வழியில் டொக்டர் என்று சொன்னாலும் யாரும் விடமாட்டார்கள். அதெல்லாம் இன்று நினைக்கச் சந்தோஷம்.

பிழை எங்கே என்றால், ஓய்வு கிடைத்த ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு ஓடினேன். உள்ளகப் பயிற்சி முடிந்து வேலையில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன். அங்கிருந்து தோட்டத்துக்கு இன்னொரு பஸ். இரவு முழுக்க விழித்துவிட்டு, பஸ்ஸில் தலை கண்ணாடியில் இடிபட இடிபட நித்திரை கொண்டு வீடு போவேன். அங்கே பக்கத்து லயன்களிலிருந்து மருந்துத் துண்டோடு பத்துப் பேர் காத்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து முடிக்கும்போது மறுபடி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன், திறக்கவில்லை. தெரிவுப் பரீட்சையில் முதல் தடவை தவறினேன். கண்டி மேலும் பிழையில்லை, பஸ் மேலும் பிழையில்லை. வீடு கிட்ட இருந்தால் படிக்க வசதி என்று நினைத்தது என் கணக்குப் பிழை. வீடு கிட்ட இருந்தால் வீடு கூப்பிடும். மூத்த பிள்ளையாக, அதுவும் பெண் பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி நான் சொல்லப்போவது, எந்த வைத்தியசாலை என்று பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டிய ஒன்று. உள்ளகப் பயிற்சிக்குப் பின் மலையகத்தில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். இரவுக் கடமையில் அங்கே தமிழ் தெரிந்த வைத்தியர் பெரும்பாலும் நான் ஒருத்திதான். என் வாட்டில் வேலை முடிந்தாலும் மற்ற வாட்டுகளிலிருந்து அழைப்பு வரும், "டொக்டர், கொஞ்சம் வந்து என்ன சொல்றாங்கன்னு கேளுங்க" என்று. ஒரு நாள் நள்ளிரவுக்குப் பிறகு சிறுவர் வாட்டுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வயதுப் பெண் குழந்தை, காய்ச்சல், சோர்ந்து கிடக்கிறது. டிக்கட்டில் "நேற்று இரவிலிருந்து இழுப்பு" என்பதை மூச்சிழுப்பு என்று எழுதியிருந்தார்கள். தாய் சொன்னதைச் சிற்றூழியர் ஒருவர் சிங்களத்தில் சொல்ல, அப்படிப் பதிவாகியிருந்தது. குழந்தைக்கு ஆவி மருந்து பிடித்திருந்தார்கள், இரண்டு தடவை.

தாயிடம், "எப்படிம்மா இழுத்துச்சு?" என்று கேட்டேன். அந்த அம்மா வாயால் சொல்லவில்லை. கையை மடக்கி, விரலை இறுக்கி, வெட்டி வெட்டிக் காட்டினார்.

நம் தோட்டங்களில் மூச்சு வாங்கினாலும் இழுப்பு, வலிப்பு வந்தாலும் இழுப்பு. உங்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தச் சொல்லை அப்படிக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள்! அந்தச் சிற்றூழியர் மேலும் குற்றம் இல்லை, டிக்கட் எழுதிய வைத்தியர் மேலும் குற்றம் இல்லை. அவர் கண்ட மூச்சு வேகமாகத்தான் இருந்தது. குழந்தைக்கு இருந்தது மூளைக் காய்ச்சல். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்து, மருந்து ஆரம்பித்தோம். குழந்தை பிழைத்தது. ஆனால் ஒரு காதில் கேள்வி குறைந்துவிட்டது. அந்த நோயே காதைத் தாக்கக் கூடியது. போன இரண்டு மணித்தியாலத்தால்தான் அப்படி ஆனதா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் சொல்ல முடியாது. அதுதான் என்னை விடவில்லை.

அந்த வாரமே நான் சிறுவர் நோய்த் துறை என்று முடிவெடுத்தேன். வேறு காரணமும் இருந்தது: 2016ஆம் ஆண்டு தேசிய குடிசனச் சுகாதாரக் கணிப்பில், ஐந்து வயதுக்குக் கீழ் உயரம் குன்றிய பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்குப் பதினேழு பேர், தோட்டத் துறையில் முப்பத்திரண்டு பேர். அந்த முப்பத்திரண்டு என் பிள்ளைமடுவத்துக் கூட்டாளிகள். இந்த முடிவோடு இன்னொரு முடிவையும் எடுத்தேன். பயிற்சியையும் இங்கேயே, இந்த மலையிலேயே எடுப்பது. நான் போய்விட்டால் இந்த அம்மாவின் கையை யார் பார்ப்பது?

அங்கே சிறுவர் வாட்டில் ஒரு ரெஜிஸ்ட்ரார் இருந்தார். தெற்கத்திப் பெண்மணி, தமிழில் நாலு சொல்தான் தெரியும், ஆனால் அன்று இரவு என் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். நான் என் முடிவைச் சொன்னபோது அவர் மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: "நங்கி, நீ இங்கே இருந்தால் ஐந்து வருடத்தில் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஆவாய். சிறுவர் நோய் படிக்க மாட்டாய். எங்கே உன்னை உட்கார வைத்துப் படிப்பிப்பார்களோ அங்கே போ. படித்துவிட்டு, டிக்கட்டில் எப்படி எழுத வேண்டும் என்று உத்தரவு போடும் ஆளாக இங்கே வா."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. பயிலும் இடமும் பணிசெய்யும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சிலர் குற்ற உணர்வில் ஊருக்குக் கிட்டவே நின்று, பயிற்சியில் பாதியை இழக்கிறார்கள். சிலர் அதே குற்ற உணர்வைத் தாங்க முடியாமல் ஒரேயடியாகப் போய்விடுகிறார்கள், திரும்பிப் பார்க்கவே கூசி. போவதில் குற்றமில்லை என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு கூட்டத்திலும் சிலர் மிஞ்சியிருப்பார்கள்.

இரண்டாம் தடவை சித்தியடைந்தேன். இடம் தெரியும் நாள் வந்தது. மண்டபத்தில் உட்கார்த்தி, தரவரிசைப்படி பெயர் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் எடுக்க எடுக்க இடங்கள் அடிபட்டுக்கொண்டே வந்தன. அழுதவர்களும் உண்டு. இருபது நிமிடத்துக்கு முன் கேள்விப்பட்டேயிராத ஓர் இடத்தைப் பதட்டத்தில் சொல்லிவிட்டு, வெளியே வந்து தாய்க்கு அழைப்பெடுத்த ஒரு பெண்ணை இன்னும் ஞாபகம். நான் அன்று பதறவில்லை. முந்திய வாரமே ஒரு கொப்பித் தாளில் எல்லா இடங்களையும், முதலாவதிலிருந்து கடைசி வரை, எனக்கு வேண்டிய ஒழுங்கில் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம். என் முறை வந்தபோது அடிபடாமல் மிஞ்சியதில் மேலே இருந்ததைச் சொன்னேன்.

அமெரிக்காவில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். அங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் அக்காமார் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். 1952 முதல் நடக்கிறது. பிள்ளை தன் விருப்ப ஒழுங்கை எழுதிக் கொடுக்கிறது, வைத்தியசாலைகள் தங்கள் விருப்ப ஒழுங்கைக் கொடுக்கின்றன, கணினி இரண்டையும் பொருத்துகிறது. மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை எந்த ஊர் என்று தெரியவரும். இந்தப் பொருத்தும் கணக்குக்கு அடிப்படையான ஆய்வுக்காக 2012இல் இருவருக்குப் பொருளியல் நோபல் பரிசே கிடைத்தது. அந்தக் கணக்கின் இரகசியம் சின்னது: "இது எனக்குக் கிடைக்காது" என்று நினைத்து விரும்பிய இடத்தைக் கீழே தள்ளி எழுதினால் லாபம் ஒன்றுமில்லை. உண்மையாக வேண்டியதை முதலில் எழுதுவதுதான் எழுதுபவருக்கு நல்லது. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததற்கான வாய்ப்பு அதனால் குறைவதில்லை. உங்கள் மகள் பயந்து பயந்து பட்டியல் எழுதினால் இதைச் சொல்லுங்கள். பிரித்தானியாவில் இன்னும் வேடிக்கை. அங்கே புதிதாக வெளிவரும் வைத்தியர்களின் முதல் இரண்டு வருடப் பயிற்சிக்கு, 2024 முதல் புள்ளி பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கணினி ஒவ்வொருவருக்கும் தற்செயலாக ஓர் இலக்கம் கொடுக்கிறது, அந்த ஒழுங்கில் விருப்பம் பார்க்கப்படுகிறது. லண்டனில் வளர்ந்த பிள்ளை எங்கோ வடக்கே போய் இறங்குகிறது. நம் மண்டபத்து முறை பரவாயில்லை என்று எனக்கு அன்றுதான் தோன்றியது.

என் தாளில் முதலாவதாக இருந்தது கொழும்பு, பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. எனக்குக் கிடைத்தது. எழுதிய காரணம்: "எல்லா நோயும் வரும்." வந்தது. நாடு முழுவதிலிருந்தும் அனுப்பப்படும் பிள்ளைகள். வேறிடத்தில் ஐந்து வருடத்தில் ஒரு தடவை பார்க்கக்கூடிய நோயை அங்கே ஒரு மாதத்தில் மூன்று தடவை பார்த்தேன். காலையில் வாட்டுச் சுற்றில் கேள்வி கேட்டே கொல்லுவார்கள். பதில் தெரியாமல் நின்ற வெட்கம்தான் பரீட்சைக்குக் கைகொடுத்தது.

கொழும்பு வாழ்க்கையைச் சொல்ல வேண்டும், அது பயிற்சியில் பாதி. வெள்ளவத்தையில் ஓர் அறை, முல்லைத்தீவுப் பெண் ஒருத்தியோடு பங்கு. வாடகைக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி போகும். முதல் மாதம் வெக்கையில் நித்திரையே இல்லை. ஹட்டன் குளிரில் வளர்ந்த உடம்பு. கொண்டுபோன கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. ஆனால் கீழே இறங்கினால் தமிழில் மரக்கறி வாங்கலாம், கோவில் இருக்கிறது, இடியப்பம் இரவு பத்து மணிக்கும் கிடைக்கும், கடமை முடிந்து வந்து கடற்கரைப் பக்கம் ஒரு மணித்தியாலம் நடக்கலாம். ஒரு பிள்ளை இறந்த நாளில் அந்த நடை இல்லாவிட்டால் நான் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டேன். முல்லைத்தீவுக்காரி ஒன்றும் கேட்காமல் பின்னால் வருவாள். அவள் பார்த்த சாவுகள் என்னுடையவற்றை விட அதிகம். வீட்டுக்கு மாதம் ஒரு தடவை, இரவு மெயிலில். தூரம் கூடினதும் வீட்டுக்காரரும் பழகிவிட்டார்கள். பக்கத்து லயன்காரர்கள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினார்கள், அதுவும் நல்லதே.

யாழ்ப்பாணத்தைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள், "தமிழிலேயே வேலை செய்யலாமே டொக்டர்" என்று. செய்யலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களும் எழுதிய மண் அது. இப்போதைய மருத்துவ பீடம் 1978இல் வந்தது. நோயாளியிடம் நேரே கதை கேட்டுப் படிக்கும் சுகம் அங்கே கிடைக்கும். இருந்தாலும் இரண்டு விஷயம். ஒன்று, தமிழ் பேசும் ஊரெல்லாம் நம் ஊராகிவிடாது. அங்கே படித்த நம் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள், முதல் மாதம் வீட்டுக்கார அம்மா "மலையகமோ?" என்று கேட்ட தொனி வேறு, இரண்டு வருடம் கழித்து அதே அம்மா புட்டு அவித்துக் கொடுத்துவிட்டுக் கேட்ட தொனி வேறு என்று. இடையிலிருந்த காலத்தை அவள்தான் தாண்ட வேண்டியிருந்தது. இரண்டாவது, சிங்களம். நிபுணராகிற வரை நாடு முழுவதும் போக வேண்டும். நோயாளியிடம் கதைகேட்டுப் பரீட்சகர் முன் சொல்ல வேண்டும். சிங்களம் தடுமாறினால் படித்தது தொண்டையிலேயே நின்றுவிடும். தங்கைமாரே, இப்போதே படியுங்கள். இழுப்பு என்ற சொல்லுக்கு நேர்ந்தது எதிர்த் திசையிலும் நேரும். நீங்கள் மாத்தறைத் தாய் ஒருவரின் சொல்லைப் பிழையாக எழுதுபவராகி விடக் கூடாது.

காலியில் நான் வேலை செய்ததில்லை. மகப்பேற்றுத் துறைக்குப் போக நினைப்பவர்கள் அதையும் விசாரியுங்கள். 2004 சுனாமியில் சேதமான மகாமோதரை வைத்தியசாலைக்குப் பதிலாக ஜெர்மன் உதவியில் கட்டிய பெரிய மகளிர் வைத்தியசாலை, இருபது வருடம் கழித்து 2024இல்தான் திறக்கப்பட்டது.

விசாரியுங்கள் என்றால் யாரை? அங்கே இப்போது இருப்பவரைக் கேட்காதீர்கள். அவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. போன வருடம் முடித்துப் போனவரைக் கேளுங்கள். வாட்டுச் சுற்றில் படிப்பிப்பார்களா, அல்லது கையெழுத்து வேட்டைதானா? எத்தனை நாளைக்கு ஒரு இரவு? கடைசியாக எழுதியவர்களில் எத்தனை பேர் எம்டி சித்தி? பெண் வைத்தியர்கள் தங்கும் அறைக்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். ஒரு வருடம் கதவுக்குக் கதிரையை முண்டு கொடுத்துப் படுத்திருக்கிறேன். இரவு கடமை முடிந்தால் அறைக்குப் போகும் பாதையில் வெளிச்சம் இருக்கிறதா? இவற்றைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் நாம் பெரிய பெயரை மட்டும் பார்த்து இடம் எடுக்கிறோம்.

கல்யாணப் பேச்சையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், தாய்மார் இருப்பதால். பயிற்சிக்கு நடுவில் கல்யாணம் கட்டலாம், பிள்ளையும் பெறலாம். 84 வேலை நாள் பிரசவ விடுமுறை சட்டப்படி உண்டு. பயிற்சிக் காலம் அதற்கேற்ப நீளும், அவ்வளவுதான். ஆனால் மாப்பிள்ளையின் ஊரைப் பார்த்துப் பயிற்சி இடத்தை மாற்றச் சொல்லாதீர்கள். என் கணவருக்கு வேலை கண்டியில், எனக்குக் கொழும்பில், பிள்ளை ஆறு மாதம் அம்மாவிடம் தோட்டத்தில். கஷ்டம்தான். அம்மா அதற்காக வேலையை விட்டார். இதை நான் எங்கும் பெருமையாகச் சொல்வதில்லை, கடனாகத்தான் சொல்வேன்.

வெளிநாட்டுப் பயிற்சி வருடத்துக்கு நான் இங்கிலாந்துக்குப் போனது 2022இல். இங்கே காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, மருந்து இல்லை. தொலைபேசியில் வந்த ஒவ்வொருவரும் "வந்துவிடாதே" என்றார்கள். என்னோடு போனவர்களில் பலர் வரவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக் கணக்கு ஒவ்வொன்று. நான் வந்தது ஊர்ப்பாசத்தால் மட்டும் என்றால் அது முழு உண்மையாகாது. போகும்போது பிணைப்பத்திரம் எழுதினேன். திரும்பி வராவிட்டால் பணம் கட்ட வேண்டியவர்களாகக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் இந்தப் பாடசாலையில் எனக்கு உயிரியல் படிப்பித்தவர். முன்வரிசையில் இருக்கிறார். ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அங்கே இருந்துவிடலாமா என்று யோசித்த இரவுகளில் முதலில் கண்ணுக்கு முன் வந்தது ஊரின் முகமில்லை, அந்தக் கையெழுத்து. பிறகுதான் மற்றதெல்லாம்.

நிபுணராக நியமனம் பெற மறுபடி ஒரு பட்டியல், மறுபடி ஒரு தாள். இந்தத் தடவை முதலாவதாக எழுதியது மலையகம். அதற்குப் போட்டி இருக்கவில்லை. இன்று எங்கள் சிறுவர் வாட்டின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இழுப்பு, மாந்தம், கணை, அக்கி, மூச்சு முட்டுது, வயித்தால போகுது என்று நம் தாய்மார் சொல்லும் சொற்கள், சிங்கள எழுத்தில். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எதெல்லாமாக இருக்கலாம் என்று. இழுப்புக்கு எதிரே, "கையால் காட்டச் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறேன். புதிதாக வரும் வைத்தியர் ஒவ்வொருவரும் முதல் நாளே அதைப் பாடமாக்க வேண்டும், அது உத்தரவு. எனக்கு அன்று புத்தி சொன்ன அக்காவுக்கு அதன் படம் அனுப்பினேன். "இரண்டாவது வரியில் எழுத்துப்பிழை" என்று பதில் வந்தது.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டலாமா, மண்டபத்துக்கு வர்ணம் பூசலாமா என்று கூட்டத்தில் பேசியதாக அறிந்தேன். அவற்றோடு ஒரு கொப்பியும் போடுங்கள். வெள்ளவத்தை, கட்டுக்கலை, றாகமை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி, லண்டன், டொரொண்டோ, மெல்பேர்ன். எந்த ஊரில் எந்தப் பழைய மாணவி இருக்கிறார், முதல் இரண்டு வாரம் ஒரு பிள்ளையைத் தங்க வைக்க அவர் வீட்டில் அறை இருக்கிறதா என்று. மருத்துவம் படிப்பவர்களுக்கு மட்டும் வேண்டாம். தாதியருக்கும், ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும், கொழும்பில் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அதே கொப்பி. நான் கொழும்பு போன முதல் கிழமை மருதானையில் ஒரு விடுதியில் ஆறு பேரோடு நின்றேன். வெள்ளவத்தையில் நம் அக்காமார் நாலு பேர் அப்போதே இருந்திருக்கிறார்கள். எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

கொப்பியில் முதல் பெயராக என்னுடையதைப் போடுங்கள். வைத்தியசாலைக்குப் பின்னால் வீடு, ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு கம்பளி. சுடுநீர் காலையில் மட்டும். நான் கடமையில் இருந்தால் சாவி அம்மாவிடம் இருக்கும். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட வேண்டும், அவருக்கு இப்போது காது மந்தம்.